பின்கதவு திறக்கும் வண்டி

பாராமகால் முதல் சிப்காட் வரை – வரலாற்றுத் தொடர் – 23

ஓசூர் தொழில் நகரமான கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1971இல் தமிழ்நாடு அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. பெங்களூரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், கேழ்வரகும் கொள்ளும் விளைந்த நிலத்தில் தொழிற்பேட்டை எழுந்தது. 1980இல் அசோக் லேலண்ட் லாரிகள் இங்கிருந்து புறப்பட்டன. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கைக்கடிகாரமும் ஓசூரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறு பட்டறைகள் பெருகின. எஃகில் டை வெட்டுவதும், அந்த டையில் உலோகத்தை வார்த்து எடுப்பதும் அவற்றில் பலவற்றின் பிழைப்பு.

இந்த அத்தியாயம் அதே வார்ப்புத் தொழிலின் வேறொரு கிளையைப் பற்றியது. உள்ளங்கையில் அடங்கும் டை-காஸ்ட் பொம்மைக் கார்கள். அவற்றிலும் பின்கதவு திறக்கும், கூரை நகரும், உள்ளே நாயும் சாமானும் ஏறிய ஸ்டேஷன் வேகன்கள். இங்கே வரும் பொம்மைகள் எதுவும் ஓசூரில் வார்க்கப்பட்டவை அல்ல. பெரும்பாலும் லண்டன், லிவர்பூல், ஸ்வான்சீ, கல்கத்தா ஆகிய ஊர்களின் ஆலைகளில் பிறந்தவை. ஆனாலும் இந்தத் தொடரில் அவற்றுக்கு இடம் உண்டு. ஓசூர்ப் பட்டறைகளின் உயிரான டை வேலை எவ்வளவு நுணுக்கமானது, ஓர் அச்சைச் சொந்தமாக வெட்டத் தெரிவதற்கும் பிறர் வெட்டிய அச்சில் வார்ப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதை இந்தச் சிறிய வண்டிகள் நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றன.

நிஜ வண்டி

ஸ்டேஷன் வேகன் அமெரிக்காவில் பிறந்தது. ரயிலில் வந்திறங்கிய பயணிகளையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் சேர்த்து ஏற்றிப் போக, கார் சேஸிஸின் மேல் மரத்தால் கூண்டு கட்டினார்கள். 1929இல் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் ஏ வரிசையில் இதைப் பெருமளவில் தயாரித்தது. 1949இல் பிளிமத் நிறுவனம் முழுதும் எஃகாலான சபர்பன் வண்டியைக் கொண்டுவந்த பிறகு மரக்கூண்டின் காலம் மெல்ல முடிந்தது. இங்கிலாந்தில் இதே வண்டியை எஸ்டேட் கார் என்றார்கள். கூரை கடைசி வரை நீண்டு, டிக்கிக்குப் பதிலாக ஓர் அகலமான கதவில் முடியும்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வண்டியோடு உறவுண்டு. சென்னையை அடுத்த வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அது. ஆனால் இந்தியக் குடும்பங்களுக்கு இரண்டு கதவு போதவில்லை. ஆகவே நான்கு கதவு ஹெரால்டையும், பின்கதவோடு சேர்த்து ஐந்து கதவு கொண்ட எஸ்டேட் வண்டியையும் இந்தியாவுக்கென்றே வண்டலூரில் உருவாக்கினார்கள். ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக வந்து கிருஷ்ணகிரியில் சேலம் சாலையோடு கலந்து ஓசூர் ஏறும் பெருவழி, சென்னையையும் பெங்களூரையும் இணைத்த முக்கியப் பாதைகளுள் ஒன்று. குடும்பம், சாமான், நீண்ட சாலை என்ற மூன்றும் கூடும் இடத்தில் எஸ்டேட் வண்டிக்கு வேலை இருந்தது.

பொம்மை செய்பவனுக்கு இந்த வண்டி ஒரு சவால். சாதாரணக் காரின் பொம்மையில் கதவு திறக்காவிட்டாலும் பிழையில்லை. உருவமும் சக்கரமும் போதும். ஸ்டேஷன் வேகனின் பொருளே பின்கதவில் இருக்கிறது. சாமான் ஏற்ற முடியாத வேகன் பாதி வண்டிதான். ஆகவே வேகனைப் பொம்மையாக்க நினைத்த ஒவ்வொரு நிறுவனமும், இன்று இல்லாவிட்டால் நாளை, அந்தக் கதவைத் திறக்க வைத்தே தீரவேண்டியிருந்தது. பொம்மைக் கார் தொழிலின் வளர்ச்சியை அளக்க வேகனைவிட நல்ல அளவுகோல் இல்லை என்று நான் கருதுவது இதனால்தான்.

துத்தநாகத்தின் வரவு

பொம்மைக் காரின் உலோகம் இரும்போ அலுமினியமோ அல்ல; துத்தநாகக் கலவை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 1929இல் உருவாக்கிய ஜமாக் என்ற கலவையில் துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியமும் மிகச் சிறிய அளவில் மெக்னீசியமும் உண்டு. வகைக்கேற்பச் செம்பும் சேரும். ஏறக்குறைய 380 முதல் 390 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும்.

இந்த வேறுபாட்டில் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது. துத்தநாகக் கலவையை வார்க்கும்போது, உலோகத்தைத் தள்ளும் பம்பு உருகிய உலோகத்துக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கலாம். அச்சுக்குள் உலோகத்தைச் செலுத்தும் ஒவ்வொரு ஷாட்டும் வேகமாக விழும். உருகிய அலுமினியம் எஃகை அரிக்கும் குணமுடையது. ஆகவே ஒவ்வொரு ஷாட்டுக்கும் உலோகத்தைத் தனியே மொண்டு ஊற்ற வேண்டும். ஓசூரில் எஞ்சின் உறைகளும் மொபெட் பாகங்களும் வார்ப்பவர்களுக்கு இது அன்றாட அனுபவம். வெப்பம் குறைவென்பதால் துத்தநாக டை, அலுமினிய டையைவிடப் பல மடங்கு காலம் உழைக்கும். சந்தையில் ஒரு பொம்மைக்கு மவுசு தீர்ந்த பிறகும் அதன் டை தெம்பாக இருக்கும். இந்த நீண்ட ஆயுள்தான் பின்னாளில் அந்த டைகளைக் கடல் தாண்டிக் கல்கத்தா வரை கொண்டுவந்தது.

துத்தநாகத்துக்கு ஒரு தீராத நோயும் உண்டு. கலவையில் ஈயம் மிகச் சிறிய அளவில் கூடிவிட்டாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் உள்ளிருந்தே வீங்கி, விரிசல் விட்டு உதிரும். ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி பொம்மைகளில் பல இப்படித்தான் அழிந்தன. பிற்கால நிறுவனங்கள் கலவையின் தூய்மையைக் கண்டிப்பாகக் காத்ததால், 1950களுக்குப் பிந்தைய வண்டிகள் பெரும்பாலும் உறுதியாக நிற்கின்றன.

மூடிய வண்டியிலிருந்து திறக்கும் வண்டிக்கு

டிங்கி பொம்மைகள் லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் ஃப்ராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனத்தில் 1930களில் பிறந்தன. போருக்குப் பின், 1950இல், மரப்பலகைப் பக்கங்கள் கொண்ட பிளிமத் வண்டியை மாதிரியாக வைத்து ஓர் எஸ்டேட் காரை டிங்கி வெளியிட்டது. பார்க்க அழகான வார்ப்பு. ஆனால் ஜன்னலில் கண்ணாடி இல்லை; சக்கரத்தைத் தவிர எதுவும் அசையாது.

அடுத்துக் களத்தில் இறங்கியது லெஸ்னி. 1947இல் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரு நண்பர்கள் லண்டனில், ரைஃபிள்மேன் என்ற பழைய மதுக்கடைக் கட்டடத்தில் தொடங்கிய வார்ப்பு நிறுவனம் அது. அவர்களோடு சேர்ந்த ஜாக் ஓடெல் பிறவிப் பொறியாளர். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே தன் மகளின் பள்ளியில் அனுமதித்ததால், சின்னஞ்சிறு ரோடு ரோலர் ஒன்றைப் பித்தளையில் செய்து தந்தார். அதிலிருந்து 1953இல் மேட்ச்பாக்ஸ் வரிசை பிறந்தது. 1957இல் அந்த வரிசையின் 31ஆம் எண்ணாக ஃபோர்டு கஸ்டம்லைன் ஸ்டேஷன் வேகன் வந்தது. இதற்கும் பின்கதவு வெறும் கோடுதான்.

இதற்கிடையில் 1956இல் மெட்டாய் நிறுவனம், வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீயில் கோர்கி என்ற பெயரில் பொம்மைக் கார்களைத் தொடங்கியது. அவர்களுடைய முதல் விளம்பரமே ஜன்னலில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கண்ணாடி உண்டு என்பதுதான். போட்டி சூடுபிடித்தது. ஸ்பிரிங் சஸ்பென்ஷன், திறக்கும் பானட், கல் பதித்த ஹெட்லைட் என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதுமை வந்தது. முந்திய ஆண்டுப் பொம்மை மறு ஆண்டில் பழசாகத் தெரிந்தது.

இந்தப் போட்டியின் உச்சத்தில்தான் வேகன்கள் உண்மையில் திறந்தன. 1963இல் மேட்ச்பாக்ஸின் 38ஆம் எண் வாக்ஸால் விக்டர் எஸ்டேட்டில் பின்கதவு திறந்தது. விரல் நீள வண்டியில், நகம் நுழையும் இடைவெளியில், ஒரு கதவு மேலெழுந்து நின்றது. 1965இல் கோர்கியின் மினி கன்ட்ரிமேன் இரண்டு பின்கதவுகளோடு வந்தது. கூரையில் அலைச்சறுக்குப் பலகைகள், கூடவே ஒரு சறுக்கு வீரன். 1966இல் கோர்கியின் ஃபோர்டு கார்ட்டினா எஸ்டேட் வந்தபோது திறக்கும் பின்கதவோடு கோல்ஃப் ஆட்டக்காரர், அவருடைய மட்டைகளைச் சுமக்கும் சிறுவன், தள்ளுவண்டி எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருந்தன.

இவற்றுள் என் மனத்தில் முதலிடம் 1965இல் வந்த மேட்ச்பாக்ஸ் 42ஆம் எண்ணுக்கு. ஸ்டூட்பேக்கர் லார்க் வேகனேர். நிஜ வண்டியை வடிவமைத்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். 1946இல் வில்லிஸ் ஜீப் ஸ்டேஷன் வேகனுக்கு முழு எஃகு உடல் தந்தவரும் அவரே. உயரமான பொருளை நிமிர்த்தியே ஏற்றுவதற்காக, வேகனேரின் கூரையில் பின்பாதி முன்னோக்கி நகர்ந்து வானத்தைக் காட்டும். ஸ்டூட்பேக்கர் நிறுவனம் ஏற்கனவே தள்ளாடிக்கொண்டிருந்தது. சவுத் பெண்டில் இருந்த அதன் ஆலை 1963 டிசம்பரில் கார் செய்வதை நிறுத்தியது. கனடாவில் எஞ்சிய உற்பத்தியும் 1966இல் முடிந்தது. ஆனால் லண்டனில் அதன் பொம்மை தொடர்ந்து வார்க்கப்பட்டது. நீல நிற உடல், வெளிர்நீலத்தில் நகரும் கூரை, உள்ளே நிறுத்த ஒரு வேட்டைக்காரனும் நாயும். 1969இல் 42ஆம் எண் ஒரு கிரேனுக்குப் போகும் வரை அந்தப் பொம்மை கிடைத்தது. நிஜ நிறுவனம் மறைந்தும் அதன் மிகத் துணிச்சலான யோசனையைப் பிள்ளைகளின் கைகள் நகர்த்திக்கொண்டிருந்தன.

ஒரு சிறு கதவுக்குள் எத்தனை வேலை

டை-காஸ்ட் முறையின் அடிப்படை, கொழுக்கட்டை அச்சின் இரு பாதிகள் மூடித் திறப்பது போன்றதுதான். ஆனால் காரின் உடல் அவ்வளவு எளிதில் அச்சிலிருந்து வெளியே வராது. நான்கு பக்கமும் ஜன்னல் துளைகள் உண்டு. சக்கர வளைவுகள் உண்டு. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் மட்டும் பிரிந்தால் வார்ப்பு அச்சிலேயே மாட்டிக்கொள்ளும். ஆகவே பக்கவாட்டில் நகரும் ஸ்லைடுகள் வேண்டும். உலோகம் இறுகியதும் ஸ்லைடுகள் விலகி, பாதிகள் பிரிந்து, எஜெக்டர் பின்கள் உடலைத் தள்ளி வெளியேற்றும். பழைய பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து உட்புறம் பார்த்தால் அந்தப் பின்கள் பட்ட வட்டத் தழும்புகள் தெரியும். மூலைகளில் ஓடும் மெல்லிய கோடு, ஸ்லைடுகள் சந்தித்த இடம்.

டை வெட்டும் முன் பொம்மையைவிடப் பல மடங்கு பெரிய மாதிரி ஒன்றைச் செதுக்குவார்கள். பான்டோகிராஃப் எந்திரத்தின் ஒரு முனை அந்த மாதிரியின் மேல் நகர, மறு முனை அதே வடிவத்தைச் சுருக்கி எஃகில் வெட்டும். உலோகம் ஆறும்போது சற்றே சுருங்கும் என்பதால் அச்சை அந்த அளவுக்குப் பெரிதாக வெட்ட வேண்டும். கணினி இல்லாத காலத்தில் இவ்வளவும் கண்ணும் கையும் செய்த கணக்கு.

இந்த உடலில் ஒரு கதவு திறக்க வேண்டும் என்று முடிவெடுத்த நொடியில் வேலை இரட்டிப்பாகும். கதவு தனி வார்ப்பு. அதற்குத் தனி டை. கதவின் இரு முனையிலும் கீலுக்கான சிறு குமிழ்களைக் கதவோடு சேர்த்தே வார்க்க வேண்டும். அவை உடலில் உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். பூச்சு அடித்த பிறகு பெயின்ட்டின் கனமும் சேரும். அதையும் முன்கூட்டியே கணக்கில் வைக்காவிட்டால் கதவு இறுகிப்போகும், அதிகம் விட்டால் தொளதொளவென்று ஆடும். இருக்கைகள் அமைந்த பிளாஸ்டிக் துண்டு கதவை உள்ளிருந்து தாங்கும். கடைசியில் அடித்தகடு வைத்து, உடலிலிருந்து நீளும் முளையைத் தட்டிப் பரத்தி ரிவெட் அடித்ததும் எல்லாம் ஒன்றாகிவிடும். ஒரு ஸ்குரூ கிடையாது. டை வெட்டும் ஓசூர் டூல் ரூம்களில் வேலை செய்வோர் இந்தப் பொம்மையைக் கையில் வாங்கினால், முதலில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்த நொடியே அதைத் திருப்பி உட்புறம் பார்ப்பார்கள். இதன் மதிப்பு எங்கே இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியும்.

வேகம் வென்ற ஆண்டு

1968இல் அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனம் ஹாட் வீல்ஸ் கார்களை வெளியிட்டது. உராய்வு குறைந்த மெல்லிய அச்சுக்கம்பி, பளபளக்கும் பூச்சு, ஆரஞ்சு நிறப் பாதை. பிள்ளைகள் கதவைத் திறந்து பார்ப்பதைவிடச் சரிவில் ஓடவிட்டுப் பந்தயம் வைப்பதை விரும்பினார்கள். அதே ஆண்டு மேட்ச்பாக்ஸ் வெளியிட்ட மெர்குரி கம்யூட்டர் வேகனின் பின்புறத்தில் இரண்டு நாய்கள் எட்டிப் பார்த்தன. ஆனால் 1969இலேயே லெஸ்னி தன் வரிசை முழுவதையும் வேகமாக ஓடும் சூப்பர்ஃபாஸ்ட் சக்கரங்களுக்கு மாற்றத் தொடங்கிவிட்டது.

திறக்கும் ஒவ்வொரு பாகமும் ஒரு கூடுதல் டை, ஒரு கூடுதல் பூச்சு, கோக்கும் வரிசையில் ஒரு கூடுதல் கை. போட்டி வேகத்துக்கு மாறியபோது அந்தச் செலவை முதலில் வெட்டினார்கள். முழுதும் மறையவில்லை, 1970இல் ஹாட் வீல்ஸே வெளியிட்ட கிளாசிக் நோமாட் வேகனில் பானட் திறந்தது. ஆனால் எல்லாம் திறக்க வேண்டும் என்ற பிடிவாதம் போய்விட்டது. 1979 நவம்பரில் பின்ஸ் ரோடு ஆலை மூடியது. 1982இல் லெஸ்னி திவாலானது. 1983இல் மெட்டாயும் வீழ்ந்தது. நான்கே ஆண்டுகளில் பிரிட்டனின் மூன்று பெரும் பொம்மைக் கார் நிறுவனங்களும் சரிந்தன.

கல்கத்தாவில் இரண்டாம் பிறவி

அவை சரிவதற்கு முன்பே அவற்றின் டைகளில் சில இந்தியா வந்துவிட்டன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் பொம்மை இறக்குமதிக்கு இங்கே கடும் கட்டுப்பாடு இருந்த காலம். செய்து முடித்த பொம்மையைக் கொண்டுவருவது கடினம். டையைக் கொண்டுவந்து இங்கேயே வார்க்கலாம். 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவின் எஸ். குமார் அண்ட் கோ, டிங்கி கைவிட்ட டைகளைப் பெற்று நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் வார்க்கத் தொடங்கியது. ஜாகுவார் இ-டைப், ஃபோக்ஸ்வாகன் 1500, ஜீப் என்று பட்டியல் நீண்டது. அதே கல்கத்தாவில் மில்டன், மேக்ஸ்வெல் என்ற பெயர்களிலும் டை-காஸ்ட் வண்டிகள் வந்தன.

நிக்கி பொம்மையின் அடித்தகட்டில் டிங்கி என்ற எழுத்தை அழித்த தடத்தைப் பல வண்டிகளில் காணலாம். மூலத்தில் இருந்த சில நுணுக்கங்கள் இங்கே விடுபட்டன, பூச்சு தடிமனானது, தேய்ந்த டையின் விளிம்பில் உலோகம் கசிந்து ஃப்ளாஷ் நின்றது. ஆனாலும் அவை நம் நாட்டுக் கைகள் வார்த்தவை. அந்த மரியாதை அவற்றுக்கு உண்டு.

நிக்கி வரிசையில் நம் கதைக்கு மிக நெருக்கமானது ஸ்டாண்டர்டு 20 மினி பஸ். ஆட்களையும் சாமானையும் சேர்த்துச் சுமந்த இந்த வண்டியை எஸ்டேட்டின் மூத்த உடன்பிறப்பு என்றே சொல்லலாம். டிங்கியின் ஸ்டாண்டர்டு அட்லஸ் டைதான் அதன் மூலம். அதே அட்லஸின் நிஜ வடிவத்தை ஸ்டாண்டர்டு 20 என்ற பெயரில் சென்னையில் உற்பத்தி செய்துகொண்டிருந்தார்கள். ஓர் ஆங்கில வண்டி இரண்டு வழியாக நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது: நிஜ வண்டி சென்னைக்கு, பொம்மை கல்கத்தாவுக்கு.

நம் மோட்டார் யுகமே அப்படித்தான் தொடங்கியது. 1950களின் இறுதியில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் கருவிகள் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவுக்கு வந்தன; அந்தக் கார் அம்பாசடரானது. ஃபியட் 1100 மும்பையில் பிரீமியரானது. பிறர் வெட்டிய அச்சில் நாம் உலோகத்தை நிரப்பினோம். அது இழிவல்ல, கற்றுக்கொள்வதற்கு அதுவும் ஒரு வழி. ஆனால் அச்சு தேயும்போது அதைப் போல இன்னொன்றை வெட்டத் தெரிந்த கைகள் வேண்டும். இல்லாவிட்டால் அச்சின் ஆயுள்தான் தொழிலின் ஆயுள்.

அந்தக் கைகளை உருவாக்கிய இடங்களுள் ஒன்று ஓசூர். 1980களில் இங்கே எழுந்த டூல் ரூம்கள் புது வரைபடத்திலிருந்து புது டையை வெட்டின. பழைய டையின் நகலுக்கும் புது டைக்கும் உள்ள வேறுபாட்டை அறிய, ஒரு நிக்கி பொம்மையையும் ஓசூரில் வார்த்த ஒரு மொபெட் பாகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். முன்னதில் அடுத்தவன் பெயரை அழித்த தடம் இருக்கும். பின்னதில் அப்படி அழிக்க வேண்டிய பெயரே இல்லை.

சேகரிக்க விரும்புவோருக்கு

1980களில் லியோ மாட்டெல் பெயரில் ஹாட் வீல்ஸ் கார்கள் இந்தியாவிலேயே உற்பத்தியாயின. அவையும் இன்று சேகரிப்போர் தேடும் பொருள். இப்போது கடைகளில் தொங்கும் ஹாட் வீல்ஸ் கார்களின் அட்டையில் பெரும்பாலும் மலேசியா அல்லது தாய்லாந்து என்றிருக்கும். பொம்மை இறக்குமதி வரியை ஒன்றிய அரசு 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தியது. 2021 ஜனவரி 1 முதல் குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. வெளிநாட்டிலிருந்து பழைய வேகனைத் தருவிக்க நினைப்பவர்கள் வரியையும் விதியையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே உள்ளூர்த் தேடலே நல்லது. சென்னை மூர் மார்க்கெட் 1985 மே மாதத் தீயில் போய்விட்டது. பெங்களூரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஓசூர்க்காரர்களுக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அதைவிட நல்ல இடம் உறவினர் வீட்டுப் பரண். பெங்களூர்ப் பொதுத்துறை ஆலைகளிலோ, கப்பலிலோ, வளைகுடா நாடுகளிலோ வேலை செய்தவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தவை பல வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கக்கூடும்.

வண்டி கிடைத்ததும் முதலில் அடித்தகட்டைப் படியுங்கள். நிறுவனம், ஊர், வரிசை எண் மூன்றும் அங்கேதான் இருக்கும். ரிவெட் முனை பரந்து வழுவழுப்பாக இருந்தால் யாரும் பிரிக்கவில்லை என்று பொருள். துளையிட்ட தடமோ ஸ்குரூவோ தெரிந்தால் பிரித்துப் பழுது பார்த்திருக்கிறார்கள். கதவின் உள்விளிம்பில் உள்ள பூச்சும் வெளிப்பூச்சும் ஒரே நிறமா என்று பாருங்கள்; மறுபூச்சு அடித்தவர்கள் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் பிடிபடுவார்கள். கதவை நகத்தால் நெம்பாதீர்கள். கீல் குமிழ் ஒருமுறை முறிந்தால் அதை ஒட்டவைக்க வழியில்லை.

வேகன்களில் முதலில் தொலைவது உள்ளே வந்த உருவங்கள். வேட்டைக்காரனும் நாயும் இல்லாத வேகனேர் கிடைப்பது எளிது. இருவரும் உள்ளேயே நிற்கும் வண்டி கிடைப்பது அரிது. பெட்டி இருந்தால் கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். பழைய பூச்சை உரித்துப் புதுப்பிக்கும் ஆசையை அடக்குங்கள். தேய்ந்த பூச்சும் அந்த வண்டியின் வரலாறு. ஈரம் இல்லாத, வெயில் படாத அலமாரியில், பிளாஸ்டிக் டயர்கள் மற்றப் பிளாஸ்டிக்கோடு ஒட்டி உருகாதபடி தனித்தனியே வையுங்கள். கோடை கடுமையாகாத ஓசூர் மேட்டு நிலம் இதற்கு ஏற்ற இடம்.

இன்னொரு வேண்டுகோள். ஆங்கிலேய நிறுவனங்களின் பொம்மைகளுக்கு எண் வாரியாகப் பட்டியல்கள் உண்டு. எந்த நிறம் எந்த ஆண்டு என்பது வரை அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். கல்கத்தாவில் வார்த்தவற்றுக்கு அந்த அளவுக்கு முழுமையான பதிவு வேண்டும். உங்களிடம் நிக்கி, மில்டன், மேக்ஸ்வெல், லியோ வண்டி எதுவாவது இருந்தால், அடித்தகட்டையும் பெட்டியையும் படம் எடுத்து, அளந்து, நிறத்தையும் கிடைத்த விவரத்தையும் எழுதி வையுங்கள். அதை அருகிலுள்ள ஐ.டி.ஐ. மாணவர்களிடம் காட்டுங்கள். டை வெட்டக் கற்கும் பிள்ளைகளுக்கு அது ஒரு பாடம்: எங்கே ஸ்லைடு வந்தது, எங்கே பின் பட்டது, எங்கே டை தேய்ந்தது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். லண்டனில் வேகன் கதவைத் திறக்க வைத்த எண்ணற்ற டை மேக்கர்களின் பெயரைப் பெட்டிகள் சொல்லவில்லை. கல்கத்தாவில் அதே டையைச் செப்பனிட்டு வார்த்தவர்களின் பெயரையும் சொல்லவில்லை. ஓசூரில் இன்று எஃகு வெட்டுபவர்களுக்கும் அந்த நிலை வரக்கூடாது. தொழிற்பேட்டையின் வரலாற்றை ஆலைகளின் பெயர்ப் பலகைகளை வைத்து மட்டும் எழுதினால் அது பாதி வரலாறுதான்.

அந்த மறுபாதியை நோக்கி அடுத்த அத்தியாயம் செல்கிறது. இரண்டு பேர் ஏறிப் போகக்கூடிய ஒரு மொபெட் 1980இல் ஓசூரிலிருந்து கிளம்பியபோது, அதன் பாகங்களை வார்க்கவும் கடையவும் கோக்கவும் கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள் எப்படித் தொழிலாளர் ஆனார்கள் என்பதைப் பார்ப்போம்.

(தொடரும்)